பந்து நிற்கும் இடமே கணக்கு: லிங்க்ஸ் மைதானத்தில் முதல் முறை ஆடுபவருக்கு

மரங்களும் குளங்களும் மெத்தென்ற புல்லும் உள்ள மைதானத்தில் கோல்ஃப் கற்றுக்கொண்டவர், பிரிட்டன் அல்லது அயர்லாந்துக் கடலோரத்து லிங்க்ஸ் மைதானம் ஒன்றில் முதல் முறை இறங்கும்போது குழம்பிப்போவது இயல்பு. மட்டைகள் அவையேதான், விதிகளும் மாறவில்லை. ஆனால் அழகாக உயர்ந்து கொடிக்கம்பின் அருகே விழுந்த பந்து நிற்காமல் ஓடி, குழி இருக்கும் புல்தளமான கிரீனின் பின்சரிவில் மறைகிறது. சரியாகப் படாமல் உருண்டுபோன பந்தோ குழியருகே போய் நிற்கிறது. அநியாயம் என்று தோன்றும். அந்த நிலத்தில் கணக்கே வேறு, அவ்வளவுதான். பந்து எங்கே விழும் என்று யோசிப்பதை விட்டு, எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கத் தொடங்குங்கள். இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கும் மணற்பாங்கான, மேடுபள்ளமான நிலம்தான் லிங்க்ஸ். உழவுக்கு ஆகாது, ஆடு மேய்க்க ஆகும். மணல் என்பதால் மழைநீர் தேங்காமல் இறங்கிவிடுகிறது. தரை கெட்டியாக இருக்கிறது. அங்கே வளரும் ஃபெஸ்க்யூ புல் மெல்லியது, குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பந்து அதன்மேல் ஏறி உட்காராது, தரையோடு ஒட்டிக் கிடக்கும். மட்டை சற்று முன்னதாகத் தரையில் பட்டாலே அடி கெட்டுவிடும்.

தரை எவ்வளவு ஓடும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2006-ஆம் ஆண்டு ஹாய்லேக்கில் உள்ள ராயல் லிவர்பூல் மைதானம் வெயிலில் காய்ந்து வெளிறிக் கிடந்தது. பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பனின் பட்டத்தை அங்கே வென்ற டைகர் வுட்ஸ், நான்கு நாட்களில் ஆடிய 72 குழிகளிலும் சேர்த்து, மிகத் தொலைவுக்கு அடிக்கும் டிரைவர் மட்டையை ஒரே ஒரு முறைதான் எடுத்தார். மற்ற இடங்களிலெல்லாம் அயர்ன் எனப்படும் நீண்ட இரும்புமட்டைகளாலோ மூன்றாம் எண் மரமட்டையாலோ தாழ்வாக அடித்து, மீதித் தூரத்தைத் தரையிடம் விட்டுவிட்டார்.

இடம் பிடிப்பது

பெயர்பெற்ற லிங்க்ஸ் மைதானங்களில் பெரும்பாலானவை உறுப்பினர் சங்கங்களுக்கு உரியவை. ஆனாலும் வெளியாட்களுக்கு என்று நாட்களும் நேரங்களும் ஒதுக்குவது அங்கே பழைய வழக்கம். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் செவ்வாயும் வியாழனும் விருந்தினர் நாட்கள். ஒவ்வொரு சங்கத்தின் விதியும் வேறு என்பதால் விமான டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஆட்ட நேரத்தை உறுதிசெய்துகொள்வது நல்லது. பலரும் தலைகீழாகச் செய்து அல்லாடுகிறார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் தனிக் கதை. அது பொதுமக்களின் மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் அதன்மேல் உலாவப் போவார்கள். முன்பதிவு கிடைக்காதவர்களுக்குக் குலுக்கல் உண்டு. குறைந்தது இரண்டு பேராகச் சேர்ந்து, ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாகப் பிற்பகல் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். தனியாக வருபவர்களுக்கு முதல் நாள் நேரில் போய்ப் பெயர் பதிவுசெய்யும் குலுக்கல் வேறாக இருக்கிறது. எதுவும் உறுதியில்லை என்பதால் அந்த ஊரில் மூன்று நான்கு நாட்கள் தங்கும்படி திட்டமிட்டு, குலுக்கலில் பெயர் வராத நாட்களில் பக்கத்து மைதானங்களில் ஆடுங்கள். நியூ கோர்ஸ், ஜூபிலி இரண்டும் அதே மணலில்தான் இருக்கின்றன. ‘நியூ’ என்ற பெயர் ஏமாற்றக்கூடும். அது 1895-இல் திறக்கப்பட்டது.

ஹேண்டிகேப் (திறனுக்கேற்பக் கழித்துக்கொள்ளும் அடிக்கணக்கு) சான்றை அச்சிலோ கைப்பேசியிலோ எடுத்துச் செல்லுங்கள். பல இடங்களில் கேட்பார்கள். பருவம் என்று பார்த்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. ஜூன் மாதத்தில் ஸ்காட்லாந்தில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். மாலையில் கட்டணம் குறையும் மைதானங்களும் உண்டு. குளிர்காலத்தில் கட்டணம் இன்னும் குறைவு. ஆனால் ஓல்டு கோர்ஸ் போன்ற இடங்களில் புல்லைக் காப்பதற்காக, குட்டைப் புல் பாதையான ஃபேர்வேயில் சிறு விரிப்பின்மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்வார்கள். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

கிளம்புவதற்கு முன் பழக வேண்டியவை

டிரைவரை இன்னும் 20 கெஜம் தள்ளி அடிக்கப் பழகுவதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். மூன்று அடிகள் போதும்.

ஒன்று, தாழ்வான அடி. வழக்கத்தைவிட ஒன்றிரண்டு எண் நீளமான அயர்னை எடுத்து, பிடியைச் சற்று இறக்கிப் பிடித்து, பந்தைப் பின்காலை நோக்கி ஓரிரு அங்குலம் நகர்த்தி வைத்து, முக்கால் வீச்சில் அடிக்க வேண்டும். முடிவில் கைகள் தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. வேகமாக அடிக்கும் ஆசை வரும். வேகம் கூடினால் பின்சுழற்சி கூடும், பின்சுழற்சி கூடினால் பந்து உயரும், உயர்ந்த பந்து காற்றின் சொத்து.

இரண்டு, கிரீனுக்கு வெளியே 20, 30 கெஜத்திலிருந்து ஏழாம் அல்லது எட்டாம் எண் அயர்னால் பந்தைத் தட்டி உருட்டுவது. கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் மட்டையை ஆட்டுவது போன்ற அசைவுதான். பந்து சில கெஜம் பறந்து மீதியை உருண்டு கடக்கும்.

மூன்று, அதே தூரத்திலிருந்து பட்டராலேயே அடிப்பது. கௌரவம் பார்க்காதீர்கள். கெட்டித் தரையில், பந்தை உயரத் தூக்கும் மட்டையான லாப் வெட்ஜால் மிக நன்றாக அடித்த பந்தைவிட, பட்டரால் சுமாராக அடித்த பந்து பெரும்பாலும் குழிக்கு அருகில் நிற்கும்.

பையும் உடையும்

பெரும்பாலும் நடந்துதான் ஆட வேண்டியிருக்கும். மோட்டார் வண்டியை மருத்துவக் காரணத்துக்கு மட்டுமே தரும் இடங்கள் பல. ஆகவே தோளில் சுமக்கும் இலேசான பை. உண்மையில் நீர் புகாத மேலாடையும் கால்சட்டையும், கம்பளித் தொப்பி, நனைந்தாலும் பிடிமானம் தரும் மழைக் கையுறை ஒரு ஜோடி, ஒரு துண்டு. குடையைக் கடற்காற்று திருப்பிவிடும், அதை நம்ப வேண்டாம். வழக்கமாக எடுத்துப் போவதைவிடக் கூடுதலாகப் பந்துகள் வேண்டும். ஏன் என்பது முட்புதர் வரும்போது புரியும்.

முதல் டீயில் எடுக்க வேண்டிய முடிவுகள்

எந்த டீயிலிருந்து, அதாவது எந்தத் தொடக்க மேடையிலிருந்து அடிப்பது என்பது முதல் கேள்வி. விருந்தினர்களை வழக்கமாக மஞ்சள் டீயிலிருந்து ஆடச் சொல்வார்கள். பின்னால் உள்ள வெள்ளை டீயிலிருந்து ஆட அனுமதி கேட்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். எதிர்காற்று அடித்தால் அங்கிருந்து ஃபேர்வேயே எட்டாத குழிகள் சில மைதானங்களில் இருக்கின்றன.

அடுத்து, கேடி எனப்படும் உதவியாளர். கட்டணம் தனி, பெரும்பாலும் ஆட்டம் முடிந்ததும் ரொக்கமாகக் கையில் கொடுக்க வேண்டும், அதன்மேல் அன்பளிப்பும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆடப்போகிற மைதானம் என்றால் இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஏழாம் எண் அயர்னால் 140 கெஜம்தான் போகும் என்றால் 140 என்றே சொல்ல வேண்டும். 160 என்று பெருமை பேசினால் அவர் காட்டும் வழியெல்லாம் உங்களைப் பங்கர் என்ற மணற்குழிக்குள் கொண்டுபோய் விடும். தூரத்தைக் கருவியே சொல்லிவிடும். அவரிடம் கேட்க வேண்டியது திசையை. பந்து எந்தச் சரிவில் பட்டு எந்தப் பக்கம் ஓடும் என்பதைக் கருவி சொல்லாது.

மூன்றாவது, மதிப்பெண் முறை. அடிக்கு அடி எண்ணும் முறையில் ஆடினால் ஒரே ஒரு குழி நாளையே கெடுத்துவிடும். ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். உங்கள் ஹேண்டிகேப்பைக் கழித்தபின் ‘பார்’ (அந்தக் குழிக்கு வகுத்த அடிக்கணக்கு) எடுத்தால் 2 புள்ளி, ஓர் அடி கூடினால் 1, ஓர் அடி குறைந்தால் 3. ஓர் அடிக்கு மேல் கூடினால் பூஜ்யம்; பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். இந்த முறையை வகுத்த ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு ஆடியதும் ஒரு லிங்க்ஸ் மைதானத்தில்தான். இங்கிலாந்தின் வாலஸியில் 1932-இல் முதல் போட்டி நடந்தது. கடற்காற்றில் நொந்துபோகிறவர்களுக்காகவே செய்தது போல இருக்கிறது.

காற்று

புதியவர்கள் மிகவும் தடுமாறுவது இங்கேதான். ஒரு தோராயக் கணக்கைப் பல ஆட்டக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். எதிர்காற்று மணிக்கு எத்தனை மைலோ அத்தனை சதவீதத்தைத் தூரத்தோடு கூட்டுவார்கள். பின்காற்று என்றால் அதில் பாதியைக் கழிப்பார்கள். 150 கெஜத்துக்கு 20 மைல் எதிர்காற்று என்றால் 180 கெஜத்துக்கான மட்டை. பின்காற்று என்றால் 135. பின்காற்றில் பந்து சுழற்சியின் பிடி குறைந்து, தாழ்ந்த கோணத்தில் விழுந்து, வெகுதூரம் ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரீனுக்கு 30 கெஜம் முன்னால் விழும்படி அடித்தால்கூடச் சரியாக இருக்கலாம்.

ராயல் ட்ரூனின் 8-வது குழிக்கு ‘போஸ்டேஜ் ஸ்டாம்ப்’ என்று பெயர். நீளம் 123 கெஜம்தான். ஓப்பன் போட்டி நடக்கும் மைதானங்களின் குழிகளிலேயே மிகக் குட்டையானது. 1973-இல் 71 வயது ஜீன் சாரசென் அங்கே ஐந்தாம் எண் அயர்னை எடுத்து, ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். அதே குழியில் 1950-இல் ஹெர்மன் டிசீஸ் என்ற ஜெர்மானிய ஆட்டக்காரருக்கு 15 அடிகள் தேவைப்பட்டன. அட்டையில் அச்சிட்டிருக்கும் தூரத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பக்கக் காற்றோடு மல்லுக்கு நிற்பதைத் தேர்ந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். காற்று பந்தைத் தள்ளட்டும். தள்ளும் அளவுக்கு ஒதுங்கிக் குறிவையுங்கள். கிரீனின் ஓரத்துக்கு வெளியே குறிவைப்பதற்கு மனம் ஒப்பாது, முதல் ஐந்தாறு குழிகளுக்காவது. பழைய லிங்க்ஸ் மைதானங்கள் பலவற்றில் முன்பாதி ஒரே திசையில் போய்ப் பின்பாதி திரும்பி வருகிறது. போகும்போது பின்காற்றில் நன்றாக ஆடிவிட்டால் இறுமாந்துவிடாதீர்கள். திரும்பி வரும் ஒன்பது குழிகளுக்கும் சேர்த்துக் காற்று வசூலித்துவிடும்.

பங்கரை ஓடையைப் போல நினையுங்கள்

மற்ற மைதானங்களில் பங்கர் என்றால் கொஞ்சம் மணல், கொஞ்சம் சங்கடம். இங்கே அது கிணறு. புல்கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய செங்குத்தான சுவர், கீழே குறுகிய மணல் தரை. சுற்றியுள்ள நிலமும் பங்கரை நோக்கிச் சரிந்திருப்பதால் பத்துக் கெஜம் தள்ளி விழுந்த பந்துகூட உருண்டு உள்ளே போய்விடும். ஓல்டு கோர்ஸில் 112 பங்கர்கள் இருக்கின்றன. அவற்றில் பல டீயிலிருந்து கண்ணில் படாது. 2000-ஆம் ஆண்டு அங்கே வுட்ஸ் எட்டு அடி வித்தியாசத்தில் ஓப்பனை வென்றபோது நான்கு சுற்றுகளிலும் ஒரு பங்கரில்கூட விழவில்லை. அதே கடைசி நாளில் அவரோடு ஆடிய டேவிட் டுவால், 17-வது குழியின் ரோடு பங்கரிலிருந்து வெளியே வர நான்கு அடிகள் எடுத்துக்கொண்டார். 1978-இல் டோமி நகஜிமாவும் அதே பங்கரில் சிக்கி, அந்தக் குழியை 9 அடிகளில் முடித்தார். கிரீனுக்குப் பந்தைக் கொண்டுவந்து சேர்த்தபின் அவருடைய பட்டர் அடியிலிருந்தே பந்து பங்கருக்குள் உருண்டது.

ஆகவே டீயில் நின்று மட்டையைத் தேர்ந்தெடுக்கும்போதே, பங்கரை எட்டாத மட்டையாகப் பாருங்கள். தாண்டி அடித்துவிடலாம் என்று நினைப்பதற்கு முன் இரண்டு முறை காற்றைப் பாருங்கள்.

விழுந்துவிட்டால் முதல் கேள்வி: சுவருக்கும் பந்துக்கும் எவ்வளவு இடைவெளி? சுவர் அருகில் என்றால் கொடிக்கம்பை மறந்துவிடுங்கள். பக்கவாட்டிலோ, வந்த வழியே பின்னோக்கியோ அடித்து வெளியே வாருங்கள். அதற்கும் இடமில்லை என்றால் பந்தை ஆட இயலாததாக அறிவிக்கலாம். ஓர் அபராத அடியோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பலாம்; அல்லது பங்கருக்குள்ளேயே, குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் தள்ளியோ இரண்டு மட்டை நீளத்துக்குள்ளோ பந்தை விடலாம். 2019-இல் வந்த விதிமாற்றம் இன்னொரு வழியும் தருகிறது. இரண்டு அபராத அடிகள் ஏற்றுக்கொண்டால் அதே கோட்டில் பங்கருக்கு வெளியே பின்னால் வந்து பந்தை விடலாம். இரண்டு அடி அதிகம் என்று தோன்றும். டுவாலிடம் கேட்டால் மலிவு என்பார்.

பங்கருக்குள் தாழ்ந்த பக்கமாக இறங்கி, அதே வழியாக ஏறுங்கள். சுவரில் கால்வைத்து ஏறினால் புல்கட்டிகள் சரியும். வெளியேறும் முன் மணலை வாரி ஒழுங்குபடுத்த மறக்க வேண்டாம்.

புதரும் ஓடையும்

மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ் (gorse) என்ற முட்புதர் பார்க்க அழகு. அதற்குள் பந்து போனால் தேடக் கையை விடாதீர்கள்; கிடைத்தாலும் அடிக்க முடியாது. நீண்ட புல்லில் தேடுவதற்கு 3 நிமிடம்தான் விதி தருகிறது. சந்தேகம் இருந்தால் நடக்கத் தொடங்குவதற்கு முன்பே ‘தற்காலிகப் பந்து’ என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிடுங்கள். சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்தாகிவிடும். ரஃப் எனப்படும் அந்த நீண்ட புல்லில் பந்து கிடைத்தால் வெட்ஜால் அருகிலுள்ள ஃபேர்வேக்குத் திரும்புவது மட்டுமே வேலை.

ஓடைகள் குறுகலானவை, தூரத்திலிருந்து தெரியாதவை. 1999-இல் கார்னூஸ்டியின் கடைசிக் குழிக்கு வந்தபோது பிரான்சின் ஜான் வான் டி வெல்ட் மூன்று அடி முன்னிலையில் இருந்தார். 6 அடியில் முடித்தாலே பட்டம். டிரைவரை எடுத்தார்; பிறகு நீண்ட புல்லிலிருந்து கிரீனை நோக்கி அடித்துப் பாரி ஓடைக்குள் பந்தை விட்டார்; காலணியைக் கழற்றி நீரில் இறங்கி நின்று யோசித்தார். முடித்தது 7 அடியில். கூடுதல் குழிகளில் பால் லாரி பட்டத்தைத் தட்டிச் சென்றார். ஒவ்வோர் அடியின்போதும் வான் டி வெல்ட் முன்னால் ஒரு வெட்ஜ் அடிக்கான பத்திரமான வழி இருந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸின் ரோடு குழியில் கிரீனுக்குப் பின்னால் ஓடும் சாலையும் மைதானத்தின் பகுதியே. பந்து அதன்மேல் நின்றால் இலவச நிவாரணம் இல்லை, கிடந்தபடியே அடிக்க வேண்டும். உள்ளூர் விதிகள் மதிப்பெண் அட்டையின் பின்புறம் இருக்கும். முதல் டீயில் காத்திருக்கும் நேரத்தில் படித்துவிடுங்கள்.

கிரீன்

காற்றில் பந்து தானாக நகர்ந்துவிடும் என்பதால் லிங்க்ஸ் கிரீன்களை மிக வேகமாக வைப்பதில்லை. மெதுவாக இருக்கிறதே என்று எண்ணத் தோன்றும். நீண்ட பட்டர் அடிகளில் பந்து குழிவரை போகாமல் நிற்கும். பலத்த காற்றில் கால்களை வழக்கத்தைவிட அகட்டி நின்று அடியுங்கள். ஓல்டு கோர்ஸில் ஏழு இரட்டைக் கிரீன்கள். ஒரு கிரீனில் இரண்டு குழிகள், அவற்றின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18. 30 கெஜப் பட்டர் அடிகூட வரலாம்.

ஒரு விதி நினைவிருக்கட்டும். கிரீனில் பந்தை எடுத்து, திரும்ப வைத்தபின் காற்று அதை நகர்த்தினால், வைத்த இடத்துக்கே அபராதமின்றித் திருப்பி வைக்க வேண்டும். எடுக்காத பந்தைக் காற்று நகர்த்தினால் போய் நின்ற இடத்திலிருந்துதான் ஆட வேண்டும். ஆகவே காற்று நாளில் கிரீனை அடைந்ததும் முதல் வேலை, பந்தைக் குறியிட்டு எடுத்து வைப்பது.

கண்ணுக்குத் தெரியாத குழிகள்

சில பழைய மைதானங்களில் மணல்மேடு மறைப்பதால் கிரீனைக் காணாமலே அடிக்க வேண்டும். அயர்லாந்தின் லாஹின்ச்சில் உள்ள ‘டெல்’ குழியில் கிரீன் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. மேட்டின்மேல் வைத்த வெள்ளைக் கல்தான் அன்றைய குறி. கல்லை நம்பி அடியுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் முன்னால் போனவர்கள் விலகியதும் ஒலிக்கச் சொல்லி மணி வைத்திருப்பார்கள். கிரீனை விட்டு நகர்ந்ததும் நீங்களும் அடித்துவிட்டுப் போங்கள், பின்னால் நிற்பவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை அங்கே பொறுமை குறைவு. சுற்றை நான்கு மணி நேரத்தை ஒட்டி முடிக்க எதிர்பார்ப்பார்கள். உங்கள் முறை வரும்போது மட்டை கையில் இருக்கட்டும். தயாராக இருப்பவர் முதலில் அடிக்கட்டும். படம் எடுப்பதை ஓல்டு கோர்ஸின் ஸ்வில்கன் பாலம் போன்ற ஓரிரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசிக் கிரீனில் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சக ஆட்டக்காரர்களுக்கும் கேடிக்கும் கை கொடுப்பது வழக்கம்.

பயணத் திட்டத்தில் நான்கு மைதானங்களுக்குப் பணமும் நாளும் இருந்தால் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றுள் ஒன்றில் இரண்டு முறை ஆடுங்கள். முதல் நாள் கேடியோடு, இரண்டாம் நாள் அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு தனியாக. இடையில் காற்றுத் திசை மாறியிருந்தால் அதுவும் புது மைதானம்தான்.